கற்றலும் கைப்பழக்கமும்
ஒளிப்படத் தொழிலை நாடும் இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும்

(அறக்கட்டளை விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இளைஞர்களின் கல்வி, தொழில் குறித்து ஏதேனும் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தவன் நான். 'நன்றாகப் படியுங்கள்' என்று சொல்லி அமர்ந்துவிடுவது எனக்கு எளிது. ஆனால், இரண்டு திங்களுக்கு முன் என் இல்லத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடல் அவ்வாறு செய்ய என்னை விடவில்லை.

உறவினர் ஒருவர் மனைவியுடனும் மகனுடனும் வந்திருந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். ஒளிப்படக் கலைஞனாக வேண்டும் என்பது அவன் விருப்பம். நகரத்தில் உள்ள தனியார் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். கட்டணமோ இலட்சங்களில். தாயார் தம் நகைகளை அடகு வைக்க முன்வந்துவிட்டார். "ஸ்டுடியோவில் இரண்டு வருஷம் நின்றால் தானாக வந்துவிடும் வேலைக்கு எதற்கு இவ்வளவு பணம்?" என்பது பாட்டனாரின் வாதம். "மாமா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதன்படி செய்துவிடுகிறோம்" என்றார் அந்தத் தந்தை.

அந்த ஒரு வார்த்தையை அன்று நான் சொல்லவில்லை. விழா முடிந்தபின் சொல்கிறேன் என்றேன். அவர்களும் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள். அன்று நான் தயங்கியதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நான் விரைந்து விடை சொன்னேன். அந்த விடை பாதி தவறாகிவிட்டது.

அந்த மாணவர் என்னிடம் தமிழ் பயின்றவர். வரைவதில் வல்லவர். 1989ஆம் ஆண்டு என்று நினைவு. பள்ளிப் படிப்பு முடிந்ததும், சென்னைக்குச் சென்று படிக்கலாமா, எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிறுநகரில் உள்ள ஸ்டுடியோவில் சேரலாமா என்று என்னைக் கேட்டார். அவர் குடும்பத்தின் நிலை எனக்குத் தெரியும். "ஸ்டுடியோவில் சேர். தொழில் கையில் ஏறிவிட்டால் பட்டம் எதற்கு?" என்றேன்.

அவரும் சேர்ந்தார். தரை பெருக்கினார். இருட்டறையில் கரைசல்களைக் கலக்கினார். சிவப்பு விளக்கின் கீழ், தாளில் உருவம் மெல்ல எழுவதைப் பார்த்தே, இத்தனை நொடி போதும் என்று சொல்லும் அளவுக்குத் தேறினார். நெகட்டிவில் முகத்தின் சுருக்கத்தைக் கூர்மையான பென்சிலால் தொட்டு நீக்குவார். திருமண வீட்டில் யார் மாப்பிள்ளையின் தாய்மாமன், யார் பெண்ணின் சிற்றப்பன் என்று பத்து நிமிடத்தில் கண்டுகொள்வார். சில ஆண்டுகளில் சொந்தக் கடை வைத்தார். சுற்றுவட்டாரத்தில் அவரில்லாத திருமணமே இல்லை என்னும் நிலை வந்தது. நான் சொன்னது சரியாயிற்று என்று நானும் பெருமை கொண்டேன்.

பின்னர் டிஜிட்டல் கேமரா வந்தது. கடன் வாங்கி அவரும் ஒன்று வாங்கினார். அன்று முதல் அவருக்கு இறங்குமுகம். வண்ண ஃபிலிமில் படமெடுத்தவர்கள் கைக்கொண்ட நடைமுறை ஒன்றுண்டு: ஐயம் வந்தால் ஒளியைச் சற்று மிகுதியாகவே கொடு என்பது. நெகட்டிவ் ஃபிலிம் மிகுதியான ஒளியைப் பெரிதும் தாங்கும். குறைவான ஒளியைத்தான் தாங்காது. எனவே அந்த விதி அன்று அவரைக் காத்தது. டிஜிட்டல் கேமராவில் நிலைமை தலைகீழ். அதன் உணரியை ஒரு குடத்துக்கு ஒப்பிடலாம். குடம் நிரம்பியபின் ஊற்றும் நீர் கணக்கில் சேராது. அளவுக்கு மேல் ஒளி பட்ட இடம் வெறும் வெள்ளையாகிவிடும். பின்னர் எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. இதனை அறியாத அவர், பழைய விதிப்படியே படமெடுத்தார். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்புத் தெரியவில்லை. மணப்பெண்ணின் மல்லிகைச் சரம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆயிற்று. குறை சொன்னவர்களுக்கு என்ன விடை சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கேமராவைப் பழுது பார்க்கக் கொடுத்தார். வேறொன்றும் வாங்கினார். குறை கேமராவில் இல்லையே! 2007இல் கடை மூடப்பட்டது.

அப்போது அவர் என்னிடம் சொன்ன சொற்களை நான் மறக்கவில்லை. "ஐயா, எப்படிச் செய்வது என்று எனக்கு எல்லாம் தெரியும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை." என்மீது அவர் குற்றம் சாட்டவில்லை. ஆனால் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை நான் உணர்ந்தேன்.

இதைக் கேட்டவுடன், 'ஆகவே கல்லூரியே சிறந்தது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மற்றொரு நிகழ்வையும் சொல்கிறேன். என் மாணவி ஒருவர் காட்சித் தொடர்பியலில் பட்டம் பெற்றவர். ஒளியின் நிற வெப்பநிலை முதல் உலக ஒளிப்பட வரலாறு வரை அழகாக எடுத்துரைப்பார். பட்டம் பெற்ற ஆண்டே ஒரு திருமணத்தைத் தனியாக ஏற்றுக்கொண்டார். முகூர்த்த வேளை. கெட்டிமேளம் ஒலித்ததும் எல்லாரும் எழுந்து முன்னே வந்தனர். அட்சதைக்காக உயர்ந்த கைகள் மணமக்களை மறைத்தன. அதற்கு ஒரு நொடி முன்புதான் அவர் மணமேடையின் அலங்காரத்தைப் படமெடுத்திருந்தார். ஃப்ளாஷ் மீண்டும் மின்னேற்றம் பெறுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. அந்த ஒரு படம் இல்லை. மற்ற எண்ணூறு படங்கள் இருந்தும் பயனில்லை. "இன்னொரு முறை கட்டுங்கள் என்று கேட்க முடியுமா, ஐயா?" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை நாள் அழுகை இருந்ததோ!

கெட்டிமேளத்துக்கு முன்பே முக்காலியின் மேல் ஏறி நிற்க வேண்டும், ஃப்ளாஷைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும், பெண்ணின் சிற்றப்பனிடம் முன்கூட்டியே சொல்லி வழியை விட்டுவைக்கச் செய்ய வேண்டும் என்பனவற்றை எந்தப் பாடநூலும் அவருக்குச் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் ஓராண்டு பை சுமந்த சிறுவன்கூட அறிந்திருப்பான். அந்த மாணவி பின்னர் மூத்த கலைஞர் ஒருவரிடம் இரண்டாண்டு உதவியாளராக இருந்தார். இன்று பட்டுச் சேலை நிறுவனங்களுக்குப் படமெடுக்கிறார். நன்றாகவே வாழ்கிறார்.

இவ்விரண்டு நிகழ்வுகளிலிருந்தும் நான் கண்ட உண்மை ஒன்றுதான். கூட்டம் கூடும்போது அனுபவத்தின் அருமை தெரிகிறது. கருவி மாறும்போது கல்வியின் அருமை தெரிகிறது. ஒளிப்படக் கலைஞனின் வாழ்வில் இரண்டும் நேர்வது உறுதி. ஆகவே எது உயர்ந்தது என்னும் வழக்கே பொருளற்றது. எதனை எங்கே பெறுவது, எந்த வரிசையில் பெறுவது, எதற்குப் பணம் கொடுப்பது என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இந்தக் கேள்வி புதியதும் அன்று. ஒளிப்படக் கலை சென்னைக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே இருவகையினரும் இருந்தனர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் மூலம் அதுவே. அந்தப் பத்தாண்டிலேயே அங்கு ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்தவர் லினியஸ் ட்ரைப். அவர் படை அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது தம் ஆர்வத்தால் இக்கலையைப் பழகியவர். அவருக்கு உதவியாளராக அமைந்த ஐயாசாமி என்பவரோ ஹண்டரின் பள்ளியில் பயின்றவர். தாமே முயன்று கற்றவரும், வகுப்பறையில் கற்றவரும் ஒரே பணியில் இணைந்தனர்.

1858இல் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக அதனை அமைத்தார். படத்துக்குப் படம் கேமராவின் உயரமும் தொலைவும் ஒளியின் அளவும் மாறினால் எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்தா. அதற்குக் கணக்கும் வேண்டும். வெயிலில் நின்று பழகிய கையும் வேண்டும்.

வேறொரு வழியில் வந்தவரையும் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பதிவு செய்தவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் கல்லூரியில் படித்தார், சட்டமும் படித்தார். ஒளிப்படத்துக்கென எந்தப் பட்டமும் பெற்றவரல்லர். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவால் யானைகளைப் படமெடுத்தார். அவர் படங்களின் சிறப்புக்குக் காரணம் அவருடைய கேமரா அன்று. செடி கொடிகளையும் விலங்குகளின் இயல்பையும் அவர் ஆழ்ந்து கற்றிருந்தார். இதிலிருந்து இளைஞர்கள் ஒன்றை அறிய வேண்டும். ஒளிப்படப் பட்டம் கிட்டாதவர் கல்வியே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. வரலாறு படித்தவன் கோயிலைப் படமெடுக்கும்போது அந்த வரலாறு துணைநிற்கும். தாவரவியல் படித்தவள் வயலைப் படமெடுக்கும்போது அந்த அறிவு கண்ணாகும். வணிகவியல் படித்தவனுக்குக் கடைக்கணக்கேனும் கைகொடுக்கும்.

இனி, நான் தமிழாசிரியன் என்பதால் பவணந்தி முனிவரை நினையாமல் இருக்க முடியாது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவன் கற்கும் முறையைக் கூறும் இடத்தில் அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவன் முழுமையாக உள்வாங்கினாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். 13ஆம் நூற்றாண்டில் இலக்கணம் கற்போர்க்குச் சொன்ன இக்கணக்கு இன்று கேமரா கற்போர்க்கும் பொருந்துகிறது. கல்லூரியை மட்டும் நம்புவோர் முதற்காலில் நிற்கிறார்கள். ஸ்டுடியோவை மட்டும் நம்புவோர் இரண்டாம் காலில் நிற்கிறார்கள். பெரிய பங்கு இரண்டுக்கும் வெளியே காத்திருக்கிறது.

கடை மூடிய என் மாணவரின் கதை அங்கேதான் திரும்பிற்று. அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவரை அழைத்தேன். ஒரு வகுப்பறையின் சன்னல்களை எல்லாம் அடைத்து, ஒரே ஒரு சிறு துளை விட்டு, வெளியே நின்ற வேப்பமரத்தை எதிர்ச்சுவரில் தலைகீழாக விழச் செய்தார். பிள்ளைகள் வியந்தனர். "ஏன் சார் தலைகீழாகத் தெரிகிறது? துளையைச் சிறிதாக்கினால் ஏன் தெளிவாகிறது?" என்று கேட்டனர். அவருக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை எங்கள் இயற்பியல் ஆசிரியருடன் அமர்ந்தவர், தொடர்ந்து பல மாலைகள் வந்தார். ஒளி நேர்க்கோட்டில் செல்வதில் தொடங்கி, ஃபிலிமுக்கும் டிஜிட்டல் உணரிக்கும் உள்ள வேறுபாடு வரை கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்ததை மறுநாள் பிள்ளைகளுக்குச் சொன்னார். மல்லிகைச் சரம் ஏன் வெளுத்தது என்பது அவருக்கு விளங்கியபோது வயது முப்பத்தாறு. இன்று சிறிய அளவில் மீண்டும் தொழில் செய்கிறார். பழைய செழிப்பு இல்லை. ஆனால் எந்தப் புதிய கருவியைக் கண்டும் அவர் அஞ்சுவதில்லை.

அன்புடையீர், இனி நடைமுறைக்கு வருகிறேன். என் உறவினர்க்குச் சொல்ல வேண்டிய விடையை எல்லார்க்குமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கட்டணம் கட்டுமுன் பிள்ளையை ஒரு முகூர்த்தப் பருவம் முழுவதும் தொழில் செய்யும் ஒருவரிடம் அனுப்புங்கள். விளக்குத் தாங்கட்டும், பை சுமக்கட்டும், எடுத்த படங்களை அன்றிரவே இரண்டு இடங்களில் சேமிக்கப் பழகட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பந்தி முடியும்வரை உண்ணாமல் நின்று, வீடு திரும்பிய பின்னும் ஆசை குறையவில்லை என்றால் அது உண்மையான ஆசை. குறைந்துவிட்டால் நகைகள் பிழைத்தன.

இரண்டாவது, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். கற்பிப்போர் இன்றும் படமெடுக்கிறார்களா என்று கேளுங்கள். மாணவரின் படங்களைச் சுவரில் மாட்டி, குறை நிறைகளை எல்லார் முன்னும் பேசும் வகுப்பு வாரந்தோறும் உண்டா என்று கேளுங்கள். கேமராவை இயக்கும் முறையை இன்று யாரும் செலவின்றிக் கற்கலாம். தன் படத்தின் குறையைத் தகுதியுள்ள ஒருவர் வாயால் கேட்பதே பணம் கொடுத்துப் பெறத்தக்கது. அது இல்லாத கல்லூரிக்குக் கொடுக்கும் பணம் வீண். அரசு நிறுவனங்களையும் மறவாதீர்கள். சென்னை தரமணியில் 1960இல் தொடங்கப்பட்ட அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் ஒளிப்பதிவைப் பாடமாகக் கற்பிக்கிறது.

மூன்றாவது, வசதியில்லாதவர் மனந்தளர வேண்டா. பகலில் ஸ்டுடியோ, மாலையில் நூல்கள், அஞ்சல் வழியில் ஏதேனும் ஒரு பட்டம் என்று அமைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் முதலாளியிடம் 'ஏன்' என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். வெள்ளை வேட்டி படத்தில் ஏன் சாம்பல் நிறமாகிறது? ஒளிமானி தான் காண்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கருதிக் கணக்கிடுவதால். விளக்கை இரு மடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் முகத்தில் ஒளி ஏன் பாதியாகாமல் காலாகிறது? ஒளி அகலத்திலும் உயரத்திலும் ஒருசேரப் பரவுவதால். இவ்விரண்டு விடைகளைப் பெறப் பட்டம் தேவையில்லை; கேட்கும் துணிவு போதும்.

நான்காவது, சட்டத்தையும் சிறிது அறிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையேல், அவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின்போது எடுத்த படம், அவ்வாறே, முதலாளிக்கு உரியது. எனவே, எடுத்த படங்களை உங்கள் திறமைக்குச் சான்றாகக் காட்ட விரும்பினால் முன்கூட்டியே எழுத்து வடிவில் இசைவு பெறுங்கள். பின்னாளில் மனக்கசப்பு நேராது.

ஐந்தாவது, பெண் பிள்ளைகளைப் பற்றியது. இதைச் சொல்லாவிட்டால் என் உரை முற்றுப்பெறாது. மகன் ஸ்டுடியோவில் நிற்க இசையும் நாம், மகள் இரவில் திருமண மண்டபத்தில் நிற்கத் தயங்குகிறோம். அவ்வாறு தயங்கும் குடும்பங்களில், கல்லூரிச் சேர்க்கை ஒன்றே அவளுக்குத் திறக்கும் கதவாக இருக்கக்கூடும். இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர். கேமராவைக் கற்றுக்கொடுத்தவர், பின்னாளில் அவர் கணவரான மானெக்‌ஷா. தொடக்கத்தில் அவருடைய படங்கள் மானெக்‌ஷாவின் பெயரில்தான் வெளிவந்தன. 2011இல் பத்மவிபூஷண் விருது அவருடைய பெயருக்கே வந்தது. நம் வீட்டுப் பெண்ணின் படமும் முதல் நாளிலிருந்தே அவள் பெயரில் வெளிவரட்டும். கல்வி முடிந்தபின் அனுபவத்துக்கும் அவளை அனுப்பும் மனத்துணிவு பெற்றோர்க்கு வர வேண்டும்.

இறுதியாக, கேமராவுக்காக நிலத்தை விற்காதீர்கள். சில ஆண்டுகளில் அதன் விலை சரிந்துவிடும். இரவல் கேமராவில் நல்ல படம் எடுக்கத் தெரிந்தவனுக்குச் சொந்தக் கேமரா தானே வந்து சேரும்.

உறவினர் அவர்களே, உங்களுக்கான என் விடை இதுதான். நகைகள் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். பையன் ஓராண்டு காத்திருக்கட்டும். என் பழைய மாணவரிடம் பேசிவிட்டேன். தை மாத முகூர்த்தங்களிலிருந்து உடன் அழைத்துச் செல்ல அவர் இசைந்திருக்கிறார். அந்த ஓராண்டில் தான் பார்த்ததையும் செய்ததையும் தம்பி ஒரு குறிப்பேட்டில் எழுதி, திங்கள்தோறும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். எனக்கு ஒளிப்படம் தெரியாது. ஆகவே நான் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்கு விளங்கும்படி அவன் சொல்லிவிட்டால், பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு அவனிடம் சேரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்த ஆண்டு அவன் கல்லூரிக்குச் செல்ல விரும்பினால், அவன் தாயாரிடம் நகையைக் கேட்க நானே வருவேன். அந்தக் கடனில் என்னால் இயன்ற பங்கையும் ஏற்பேன். முன்பு ஒருவருக்குப் பாதி விடை சொன்னதற்கு நான் செலுத்த வேண்டிய ஈடு அது.

இளைஞர்களின் கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே வளர்க!